ஜல்லிக்குக் குடை பிடித்தவர்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் பாதி எங்களுக்குச் சொந்தமில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரே வீட்டில் ஆளுக்கொரு போர்ஷனாக இரண்டு குடும்பங்கள் வாடகைக்கு இருந்தோம். பின்பக்கத் தோட்டம் பொது, கிணறு பொது, முருங்கை மரத்திலிருந்து குளியலறைச் சுவர் ஆணி வரைக்கும் இழுத்துக் கட்டிய நைலான் கொடியும் பொது. அந்தக் கொடியின் நட்டநடுவில் ஒரு தேன்சிட்டு வந்து நாரும் சிலந்தி நூலும் காய்ந்த பூவும் சேர்த்து ஒரு கூட்டைத் தொங்கவிட்டது. அடுத்த போர்ஷன் அக்கா அதைப் பார்த்த அன்றே ஒரு சிவப்பு ரிப்பனைக் கொண்டுவந்து கொடியில் கட்டிவிட்டார்.

"ரிப்பனுக்கு அந்தப் பக்கம் யாரும் துணி போடக் கூடாது. கொடி ஆடினா உள்ள முட்டை உருளும்."

"அப்ப எங்க வீட்டுப் போர்வையை எங்கே காயப் போடறது அக்கா?"

"இந்த வெயில்ல போர்வையை யாரு போர்த்திக்கறா? அப்படியே மடிச்சு வை, ஐப்பசிக்குத் தோய்ச்சுக்கலாம்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் கண்டக்டரிடம் சண்டை போடுகிற ஆள் நான். ஆனால் அக்காவிடம் சண்டை போட முடியாது. அவர் குரலை உயர்த்தவே மாட்டார். சொன்னதை இன்னொரு முறை, அதே குரலில், அதே வார்த்தைகளில் சொல்வார். மூன்றாவது முறையும் சொல்வார். நமக்குத்தான் அலுத்துப்போகும். அந்தக் கோடை முழுக்க என் புடவைகள் மடித்த மடிப்பிலேயே காய்ந்து, மடிப்பிலேயே வெளுத்தன.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்கால் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம். காத்திருப்பவர்களின் வசவையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, "லைன்ல இருங்க" என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் அவர் வேலை. வீட்டுக்கு வந்தபிறகும் அந்த வார்த்தை அவர் வாயைவிட்டுப் போகாது. பால்காரருக்கும் அதுதான், அவருடைய வீட்டுக்காரருக்கும் அதுதான், எனக்கும் அதுதான். ஒரு நாள் கேட்டேன், எத்தனையோ பேர் திட்டுகிறார்களே, எரிச்சலில் ஒரு லைனையாவது பிடுங்கிப் போட்டதுண்டா என்று. "ஒருத்தர் பேசிட்டிருக்கும்போது நாம எப்படி நடுவுல கட் பண்றது?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் ஏதோ அசிங்கமாகக் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

மதிய ஷிப்ட் நாட்களில் காலையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கையில் காபி டம்ளர். காபி ஆறி ஆடை கட்டும். அவர் அசைய மாட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் அங்கே இருப்பதைத் தோட்டம் மறந்துவிடும். ஓணான் கழுத்தைச் சிவக்க வைத்துக்கொண்டு வேலிக்கல்லின் மேல் தண்டால் எடுக்கும். அணில் எங்கள் வாசல் மிதியடியிலிருந்து நாரைப் பிய்த்துக்கொண்டு ஓடும். தையல்சிட்டு ஒன்று வாதாம் இலைகள் இரண்டைச் சேர்த்துத் தைத்துக்கொண்டிருக்கும். கிணற்றடிக் கற்களுக்குப் பின்னாலிருந்து கீரி தன் குட்டிகளோடு வந்து அக்காவின் செருப்பை மோந்துவிட்டுப் போனதை நானே சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எறும்பு காலில் ஏறினாலும் தட்டமாட்டார். "கடிக்காதா அக்கா?" என்றால், "கடிக்கும்" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

ஒரு சித்திரையில் ஆறுமணிக் குருவி வந்தது. வடக்கே போகிற வழியில் ஓரிரு நாள் தங்கிவிட்டுப் போகிற பறவை அது. அடிவயிறு சிவப்பு, முதுகு பச்சை, வால் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அக்கா எலுமிச்சைச் செடிக்கடியில் அதைப் பார்த்துவிட்டுத் தோட்டத்து நடுவில் நின்ற இடத்திலேயே நின்றார். அந்த நேரம் பார்த்துத்தானா கேஸ்காரர் வர வேண்டும்! சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கவாட்டுச் சந்து வழியாக உள்ளே வந்தவரை அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னாம்மா, பாம்பா?"

"லைன்ல இருங்க," என்றார் அக்கா, உதடு அசையாமல்.

அந்த மனிதர் சிலிண்டரை இறக்கவும் இல்லை. இறக்கினால் சத்தம் வரும் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். தோளில் அத்தனை பாரத்தோடு, கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து அவரும் பார்த்தார். குருவி காய்ந்த சருகைப் புரட்டிப் புரட்டித் தின்றுவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போனபிறகுதான் இருவரும் மூச்சு விட்டார்கள். "சோக்கா கீதும்மா. யாரு வளக்கறாங்க?" என்று கேட்டார். யாரும் வளர்க்கவில்லை என்று அக்கா சொன்னதை அவர் நம்பவில்லை. அடுத்த முறை வந்தபோதும் எலுமிச்சைச் செடியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சிலிண்டரை இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு பீர்க்கன்கரணை ஏரிக்குப் போவார். பங்குனியில் ஏரி பாதி வற்றி, சேறும் தண்ணீருமாக இருக்கும். மீன் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுவதால் நாரைகளுக்குக் கொண்டாட்டம். அக்கா கரையில் ஒரு பனைமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, எப்போது கிளம்பலாம் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் மனை வாங்க வந்தவர்கள் என்றுதான் அர்த்தம். ஒரு ஞாயிறு சைக்கிளில் ஒரு புரோக்கர் வந்து நின்றார்.

"இன்னா மேடம், ரொம்ப நேரமா பாத்துகினு கீறீங்க? கார்னர் மனை ஒண்ணு கீது. ஏரிக் காத்து சும்மா பிச்சிக்கினு போவும்."

அப்போது மேட்டிலிருந்து ஓர் ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டு எழும்பியது. கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை, நீண்ட மஞ்சள் கால். ஆளைக் கண்டுவிட்டால் ஊரையே எழுப்பிவிடும்.

"இது இங்கேயே இருக்குமா?" என்று கேட்டார் அக்கா.

புரோக்கர் பதறிப்போனார். "ஐய, அதெல்லாம் ஒண்ணும் பேஜார் இல்ல மேடம். நாலு வூடு வந்துச்சுன்னா தன்னால ஓடிப்பூடும்!"

அக்கா அந்த மனையைத்தான் வாங்கினார். குருவி ஓடிப்போகும் என்று சொன்ன ஒரே காரணத்துக்காக வாங்கினார் என்று நான் இன்றும் நம்புகிறேன். அவருடைய வீட்டுக்காரர் குரோம்பேட்டையில் வேலை பார்த்தவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். நான் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு மனை எந்த ஊரில் இருந்தாலும் சரி, சொந்த வீட்டில் ஒரு ஈஸிசேர் போட்டு உட்கார்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

வீடு எழும்பியது. சுவர் முடிந்து, சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, தளம் போடுவதற்கு நாள் குறித்தாகிவிட்டது. இதற்கு நடுவில் வாடகை வீட்டுக்காரம்மா, வைகாசிக்குள் அக்காவின் போர்ஷனைக் காலி செய்ய வேண்டும், மகன் குடும்பத்தோடு வருகிறான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வைகாசியை விட்டால் ஆனியும் ஆடியும் புது வீட்டுக்குப் போக ஆகாத மாதங்கள். ஆவணி வரைக்கும் சாமான்களைத் தெருவிலா வைப்பது? சார் காலண்டரைப் பார்த்துப் பார்த்தே இளைத்துப்போனார்.

தளத்துக்கான ஜல்லியை லாரிக்காரர் முன்கூட்டியே கொண்டுவந்து மனையின் ஓரத்தில் பரப்பிக் கொட்டிவிட்டுப் போயிருந்தார். ஒரு நாள் அக்காவும் நானும் வேலையைப் பார்க்கப் போனபோது ஆள்காட்டி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. வேறு யாராவது என்றால் கல்லெடுத்து விரட்டியிருப்பார்கள். அக்கா சுவரோரமாகப் போய் அசையாமல் நின்றார். குருவி கத்தி அடங்கி, கீழே இறங்கி, கொஞ்சம் நடந்து, ஜல்லியின் நடுவில் உட்கார்ந்தது. அங்கே நான்கு முட்டைகள். ஜல்லிக்கும் முட்டைக்கும் வித்தியாசமே தெரியாது. பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தபோதுகூட எனக்கு முதலில் தெரியவில்லை.

மேஸ்திரி சுலபமான வழி ஒன்று சொன்னார். "முட்டைய எடுத்து அந்தாண்ட மேட்டுல வெச்சுடறேன் மேடம். அது பாட்டுக்கு அங்க உக்காரும்."

"உக்காராது மேஸ்திரி. அதுக்கு இடம்தான் கணக்கு. நகர்த்தினா தேடாது."

"அப்போ பொரிக்கற வரிக்கும் வேலைய நிறுத்தச் சொல்றீங்களா? ஒரு மாசம் ஆவும்."

அன்று மாலை அக்காவின் போர்ஷனில் முதல் முறையாக சாரின் குரல் கேட்டது. நடுச்சுவர் ஒற்றைக்கல் சுவர். நான் காதைத் தீட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"அந்த வீட்ல நான் குடியிருக்கணுமா, அந்தக் குருவி குடியிருக்கணுமா? ஒண்ணு சொல்லு."

"ரெண்டு பேரும்."

"வைகாசியை விட்டா எங்கே போறது?"

"வைகாசியை விட வேண்டாம். குறிச்ச நாள்லயே தளம் போடலாம்."

"முட்டை?"

"அது என் பொறுப்பு."

அக்கா என்ன பொறுப்பு எடுக்கப்போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் கேட்டேன். வெயில் காலத்தில் தாய்ப்பறவை முட்டை மேல் உட்காருவது சூடு கொடுக்க அல்ல, சூடு ஏறாமல் காக்கத்தான் என்றார். அது தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காருமாம். தளம் போடுகிற அன்றைக்கு மிக்சர் சத்தத்துக்கும் ஆள் நடமாட்டத்துக்கும் அது கிட்டே வராது. வெயிலில் ஜல்லி கொதிக்கும். ஒரு மணி நேரத்தில் முட்டை வெந்துவிடும். "அது வராத நேரத்துக்கு நான் நிக்கறேன், அவ்வளவுதானே?" என்றார். ஏதோ உடன் வேலை செய்யும் பெண்ணுக்குப் பதிலாக ஷிப்ட் பார்க்கப்போவதைப் போலச் சொன்னார்.

முட்டைகளைச் சுற்றி ஒரு கட்டில் அகலத்துக்கு ஜல்லியை அப்படியே விட்டுவிட்டு மீதியை அந்தப் பக்கமாக எடுக்க வேண்டும், மிக்சர் பின்பக்கம் நிற்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் பேசினார். குறைகிற ஜல்லியைப் பக்கத்து வேலையிடத்திலிருந்து வாங்கிக்கொள்ளவும் ஏற்பாடு செய்தார். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். அக்கா இரண்டாவது முறை சொன்னார். மூன்றாவது முறையும் சொன்னார். மேஸ்திரிக்கும் அலுத்துப்போனது.

சொந்த வீட்டுக்குத் தளம் போடுவது என்றால் சும்மாவா? பூஜை போட்டு, தேங்காய் உடைத்து, வீட்டுக்காரரும் வீட்டம்மாவும் ஆளுக்கொரு சட்டிக் கலவையைக் கையால் எடுத்துப் போட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். சார் புது வேட்டி கட்டிக்கொண்டு ஏணிக்குப் பக்கத்தில் நின்றார். அக்கா விடிந்ததிலிருந்தே ஜல்லியருகில் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தார். குடையின் நிழல் அவர் தலைமேல் இல்லை, ஜல்லிமேல் இருந்தது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். முட்டைகளைச் சுற்றி ஈரச்சாக்கு. மேலே இரண்டு ஆள்காட்டிகளும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன.

"நேரம் ஆகுது, மேலே வா," என்றார் சார்.

"என் பங்கை அவ போடட்டும்," என்று என்னைக் காட்டினார் அக்கா.

சாரின் முகம் விழுந்துவிட்டது. எனக்கும் ஆத்திரமாக வந்தது. ஒரு மனுஷி வாழ்நாளில் ஒரு வீடுதான் கட்டுவாள். அந்த முதல் சட்டியை அடுத்த வீட்டுக்காரியிடம் கொடுப்பாளா? திட்டுவதற்காகவே பக்கத்தில் போனேன். வெயில் அப்போதே ஏறியிருந்தது. அவர் நெற்றியில் குங்குமம் வழிந்து மூக்கு வரைக்கும் வந்திருந்தது. "போய்ப் போடு. நல்ல மனசோட போடு," என்றார். நான் ஏணியில் ஏறினேன். சட்டியைக் கவிழ்த்தபோது, இந்த வீடு இவருக்கு நன்றாக இருக்க வேண்டும் என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். அப்படி எந்தக் கோயிலிலும் நான் வேண்டியதில்லை.

தளத்தை நடுவில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ஒட்டு விழும். மிக்சர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆணும் பெண்ணுமாக வரிசையில் நின்று சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். வெயில் நகர நகர அக்காவும் குடையை நகர்த்திக்கொண்டே இருந்தார். நான் கொஞ்ச நேரம் பிடிக்கிறேன் என்றேன். "நீ காலை மாத்தி மாத்தி நிப்பே," என்று கொடுக்க மறுத்துவிட்டார். உண்மைதான், நான் அப்படித்தான் நிற்பேன். மோரை மட்டும் வாயில் ஊற்றிவிட்டேன். முதலில் அவரைப் பார்த்துச் சிரித்த சித்தாள் பெண்கள் பிற்பகலில் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஜல்லிப் பக்கம் வரும்போது அவர்களே மெதுவாக நடந்தார்கள்.

வேலை முடிந்தபிறகு எல்லோருக்கும் பிரியாணி போடுவது வழக்கம். மிக்சரை நிறுத்திவிட்டு ஆட்கள் பின்பக்கம் இலை போட்டு உட்கார்ந்தார்கள். ஒரேயடியாக அமைதி. அக்கா குடைக்கம்பை ஜல்லிக்குள் செருகி நிறுத்திவிட்டு, சாக்கை மெல்ல உருவிக்கொண்டு, பின்னால் அடியெடுத்து வைத்து சுவரோரம் வந்தார். கால் மரத்துப்போய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டுப் பக்கம் திரும்பி நான், "அக்கா, இலை போட்டாச்சு" என்றேன்.

"லைன்ல இரு."

ஆள்காட்டி இறங்கியது. நான்கடி நடந்து நின்றது. குடையை ஒருமுறை பார்த்தது. இன்னும் நடந்தது. குடைக்கடியில் போய், வயிற்றைச் சிலுப்பிக்கொண்டு, முட்டைகள் மேல் உட்கார்ந்தது. அக்காவின் விரல்கள் என் தோளில் அழுந்தின. பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சார் இலையைவிட்டு எழுந்து எச்சில் கையோடு வந்து நின்றிருந்தார். "வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். அன்றே மேஸ்திரி எங்கள் வீடு தேடி வந்துவிட்டார். ஆள்காட்டி மொட்டை மாடிக்குப் பறந்து போய், பாத்தித் தண்ணீரில் உட்கார்ந்து வயிற்றை நனைத்துக்கொண்டு, திரும்பக் கீழே வந்து முட்டை மேல் உட்காருகிறதாம். "மேடம், உங்க வூட்டுக்கு மொத குடித்தனம் வந்தாச்சு," என்று சிரித்தார்.

குஞ்சு பொரித்த அன்று அக்காவுக்குக் காலை ஷிப்ட். மேஸ்திரிதான் பார்த்தார். பஞ்சு உருண்டை மாதிரி இருந்தன, ஈரம் காய்ந்ததுமே தாய் பின்னால் ஓடிப் புதருக்குள் போய்விட்டன என்று விரல்களை நடக்கவிட்டுக் காட்டினார். "எல்லாம் சேர்ந்து போச்சா?" என்றார் அக்கா. "ஒண்ணு பின்னாடி தங்கிப்பூட்சு. அம்மா திரும்பி வந்து இட்டுகினு போச்சு." அதைக் கேட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வைகாசியில் பால் காய்ச்சினார்கள். சாருக்கு ஈஸிசேர் வந்தது.

அதற்குப் பிறகு என் கணவருக்குத் திருச்சிக்கு மாற்றல். அக்காவோடு பேச்சு எப்போதாவது போனில்தான். அந்தப் பக்கமெல்லாம் வீடு வந்துவிட்டது, மேட்டைக்கூட மண்ணடித்துச் சமப்படுத்திவிட்டார்கள் என்பார். பங்குனிதோறும் மொட்டை மாடியில் ஜல்லி பரப்பி ஒரு தட்டில் தண்ணீர் வைப்பதாகச் சொல்வார். "தளம் ஒழுகப்போகுது, பக்கத்து வீட்ல சிரிக்கறாங்க," என்று சார் பின்னாலிருந்து குரல் கொடுப்பார். ஏதாவது வந்ததா என்று ஒவ்வொரு வருடமும் கேட்பேன். இல்லை என்பார். அடுத்த வருடமும் பரப்புவார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரையில், கல்யாணம் ஒன்றுக்காகத் தாம்பரம் வந்தவள் சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டுக்குப் போய் நின்றேன். காம்பவுண்டுக்குள் காலை வைத்ததுமே புதைந்தது. வீட்டைச் சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல். மாடு வாங்கிவிட்டாரா என்று பார்த்தால் மாட்டைக் காணோம். கூடத்துக்குள் நுழைந்தால் தலையில் ஈரப் புடவை இடித்தது. ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டி வேட்டி, போர்வை, துண்டு எல்லாம் வீட்டுக்குள்ளேயே தொங்கின. அவற்றுக்கு நடுவே சார் ஈஸிசேரில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார் இது, வெளியிலதான் இவ்வளவு வெயில் அடிக்குதே? மாடியில போட்டா என்ன?"

"மாடிக்கதவைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிக்கிட்டா, தாயே! ஒரு மாசமா ஈர வேட்டிதான் கட்டறேன்," என்றார். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

அக்கா மாடிப்படியின் கடைசிப் படியில், சாத்திய கதவில் காதை வைத்து உட்கார்ந்திருந்தார். முடி பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவ்வளவு உயரத்துலேர்ந்து குஞ்சு எப்படி அக்கா இறங்கும்?" என்று காதோடு கேட்டேன்.

"குதிக்கும். இன்னிக்கோ நாளைக்கோ. அதுக்குத்தான் கீழ வைக்கோல்."

கதவுக்கு அந்தப் பக்கம் அந்தப் பழைய குரல் ஒருமுறை கேட்டது. அதற்குப் பின்னால் மெல்லிசாக இன்னொன்று. மாலை கல்யாண ரிசப்ஷனுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். காலை மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.